பழைய பிக்கப்பா, புதிய பிக்கப்பா: ஒரு மாதம் அலைந்து எடுத்த முடிவு

போன வருடம் ஏறக்குறைய ஒரு மாதம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. விற்பனைக்கு வந்திருந்த இரண்டு பிக்கப் வண்டிகளை நான் மாறி மாறிப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் டீசல், இரண்டுக்கும் நான்கு கதவு, இரண்டும் ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவாகச் சரக்கு ஏற்றக்கூடியவை. ஒன்று 2004இல் செய்தது, 3,10,000 கிலோமீட்டர் ஓடியது. மற்றது 2016இல் செய்தது, 1,20,000 கிலோமீட்டர் ஓடியது. பழையதன் விலை புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்குதான்.

நான் மரவேலை செய்பவன். பலகை, ஒட்டுப்பலகை, செய்து முடித்த அலமாரி, கட்டில் எல்லாம் வண்டியில்தான் போக வேண்டும். பட்டறை வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர். வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் பாரம் இருக்கும். மற்ற நாட்களில் பின்னால் சரக்குத் தொட்டி காலி. இன்னொரு வண்டி வைத்துக்கொள்ளும் வசதி இல்லாததால் மனைவியும் ஆறு வயது மகளும் ஊருக்குப் போவதும் இதே வண்டியில்தான். இந்த விவரங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் யாரைக் கேட்டாலும் வண்டியின் வருடத்தைத்தான் விசாரித்தார்கள். நான் அதை வைத்து என்ன செய்யப்போகிறேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் மெக்கானிக் அண்ணன் ஒருவர்தான் கேட்டார்.

மற்றவர்கள் இரண்டு கட்சியாக நின்றார்கள். "பழைய வண்டி என்றால் இரும்பு, இப்போது வருவதெல்லாம் தகரம்" என்பது ஒரு கட்சி. "பழையதை வாங்கினால் மாதம் பாதி நாள் ஒர்க்ஷாப்பில்தான் நிற்கும்" என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் என் எதிரே நின்ற இரண்டு வண்டிகளில் எதை எடுப்பது என்பதற்கு இரண்டு பேச்சும் உதவவில்லை.

பழைய வண்டியின் சொந்தக்காரர் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். முதல் நாளிலிருந்து அவர் ஒருவரே வைத்து ஓட்டியது. நான் போய் நின்றதும் சாவியைத் தருவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். நீல அட்டை, முனைகள் மழுங்கி, ஆயில் விரல் ரேகைகளோடு இருந்தது. உள்ளே மூன்று பத்திகள்: தேதி, கிலோமீட்டர், செய்த வேலை. முதல் பக்கத்தில் எழுத்து குண்டாகவும் நிமிர்ந்தும் இருந்தது. கடைசிப் பக்கங்களில் நடுங்கிச் சரிந்திருந்தது. டைமிங் பெல்ட் மூன்று முறை மாற்றியதற்கும், கிளட்ச் தட்டு இரண்டு முறை மாற்றியதற்கும், பின்பக்க லீஃப் ஸ்பிரிங் ஒன்று முறிந்ததற்கும் தேதி இருந்தது. நான் நின்றுகொண்டே பதினைந்து நிமிடம் அதைப் படித்தேன். பயன்படுத்திய வண்டி வாங்கப்போகிற எவருக்கும் இதைவிடப் பெரிய பொக்கிஷம் கிடைக்காது.

"இடது பக்கம் பின்னால் சேஸியில் ஓர் இடத்தில் வெல்டிங் வைத்திருக்கிறேன் தம்பி, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

பிக்கப் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது சேஸிதான், அதாவது அடிச்சட்டம்தான், என்பது என் உறுதியான எண்ணம். கார்களில் பெரும்பாலும் உடலும் சட்டமும் ஒன்றே. சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டிகள் அனேகமாக எல்லாமே ஏணி போன்ற தனிச் சட்டத்தின் மேல் கேபினையும் தொட்டியையும் போல்ட் போட்டு உட்கார வைத்தவை. இன்ஜின் போனால் வேறு இன்ஜின் வைக்கலாம். கியர்பாக்ஸ் போனால் பழைய சாமான் கடையில் ஒன்று தேடிப் பிடிக்கலாம். சேஸி அரித்துப் போனால் எஞ்சுவது உதிரிபாகங்களின் குவியல்தான்.

துரு வெளியிலிருந்து உள்ளே போவதைவிட உள்ளிருந்து வெளியே வருவதுதான் அதிகம். பெட்டி போல் மூடிய சட்டத்துக்குள் சேறு புகுந்து அடைந்துகொள்கிறது; அது காயாமல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. வெளியே பெயிண்ட் அப்படியே இருக்கும்போது உள்ளே தகடு பாதியாக மெலிந்திருக்கும். அதனால் கண்ணைவிடக் காதைத்தான் நம்ப வேண்டும். மெக்கானிக் அண்ணன் கையில் சின்னச் சுத்தியலோடு வண்டிக்கு அடியில் படுத்தார். முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகட்டில் சுத்தியல் துள்ளித் திரும்பும், 'டிங்' என்று மணி போல ஒலிக்கும். மெலிந்த இடத்தில் 'டொப்' என்று செத்த ஓசை வரும், சுத்தியலும் துள்ளாது. பின்சக்கரத்துக்கு மேலே சட்டம் வளைந்து ஏறுகிற இடம், லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கிற தாங்கி, ஸ்டெப்னி தொங்குகிற குறுக்குச் சட்டம், டீசல் டாங்கின் மேற்புறம்: இந்த நான்கு இடங்களில் இரண்டு முறை தட்டினார். பெரியவர் சொன்ன வெல்டிங் இடது ஸ்பிரிங் தாங்கியின் அருகே இருந்தது. கனமான தகடு, விளிம்பு முழுக்கச் சீரான தையல், மேலே பிரைமர். "யார் செய்தாரோ, கை சுத்தம்" என்றார் அண்ணன்.

புதிய வண்டிக்கு அடியில் படுத்தபோது மொத்தமும் கறுப்பாகப் பளபளத்தது. அடிப்பாகத்துக்குப் புதிதாக அடித்த பூச்சு. எனக்கு அதைப் பார்த்ததும் நெஞ்சு திடுக்கிட்டது. விற்பதற்கு முந்தின வாரம் அடிக்கிற கறுப்புப் பூச்சு எதையோ மறைக்கத்தான் என்று எண்ணுவது நல்லது. அண்ணன் ஸ்குரூ டிரைவர் முனையால் ஆறேழு இடங்களில் சுரண்டிப் பார்த்தார். உள்ளே மேலோட்டமான துருதான். தட்டியபோது எங்கும் மணியோசை வந்தது. தப்பித்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். புதிய வண்டியில் சேஸி நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் படுத்துப் பார்க்காமல் விடுபவர்கள் பலர். அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரை செய்த டொயோட்டா டகோமா, 2007, 2008இல் செய்த டண்ட்ரா வண்டிகளின் சேஸி துரு பற்றிய வழக்கு 2016இல் சமரசத்தில் முடிந்தது. அரித்துப்போன சட்டங்களைப் பரிசோதித்து மாற்றித்தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. உழைப்புக்குப் பெயர்பெற்ற வண்டிகளுக்கே பத்து வயதுக்குள் அந்த நிலை வந்தது. சாலையில் பனிக்கு உப்புத் தூவுகிற ஊரிலோ கடல் காற்றிலோ ஐந்து வருடம் நின்ற வண்டியைவிட, காய்ந்த மண்ணில் இருபது வருடம் நின்ற வண்டி மேலாக இருக்கலாம்.

சேஸியில் இரண்டும் தேறிவிட்டன. இனி இன்ஜின்.

பெரியவரின் வண்டியைக் காலை ஆறரை மணிக்குப் போய்ப் பார்த்தோம். அவரே அந்த நேரத்தைச் சொன்னார்: "ராத்திரி முழுக்க நின்ற வண்டியை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள்." பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தேன், கல் போலச் சில்லென்றிருந்தது. சாவியைத் திருப்பி, சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கின் விளக்கு அணையும் வரை பொறுத்து, ஸ்டார்ட் செய்தேன். மூன்று சுற்றில் பிடித்துக்கொண்டது. முதல் இருபது விநாடி வெள்ளைப் புகை கொஞ்சம், பிறகு ஒன்றுமில்லை. அந்த வகை இன்ஜினில் புகைக்கு ஒரு மொழி இருக்கிறது. வெள்ளைப் புகை குளிரில் சற்று நேரம் வந்து நின்றால் எரியாத டீசல். சூடான பிறகும் தொடர்ந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் டீசலுக்குத் தகுந்த காற்றில்லை. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், பம்பின் அளவு கூடியிருக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தோம். லேசான மூச்சு மட்டும் வந்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்த இன்ஜினாக இருந்தால் அங்கே குபுகுபுவென்று புகை தள்ளும்.

அதன் டீசல் பம்ப் முழுக்க இயந்திரம்தான். இன்ஜின் சுழற்சியே பம்பைச் சுழற்றி, அளந்து, அந்தந்த சிலிண்டருக்கு அனுப்புகிறது. ஓடத் தொடங்கிவிட்டால், டீசலை வெட்டி நிறுத்துகிற சோலினாய்டுக்குப் போகிற ஒரு வயரைத் தவிர அதற்கு மின்சாரமே வேண்டாம். சாலையோரத்தில் நின்றுபோனால் காற்றா, டீசலா, அந்த வயரா என்று மூன்று இடம் பார்த்தால் போதும். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த யாரும் எந்த ஊரிலும் கை வைக்கலாம். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கையால் வேலை செய்பவனுக்குக் கையால் திருத்தக்கூடிய பொருளின் மேல் ஒரு பாசம் உண்டு.

புதிய வண்டியைப் பார்க்கப் போன முதல் நாள் பானெட் சூடாக இருந்தது. நாங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் ஓட்டி வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலை வருகிறோம், தயவுசெய்து தொடாமல் வையுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம். மறுநாள் குளிர்ந்த இன்ஜின் சட்டென்று பிடித்தது, புகையே இல்லை. ஆனால் அதில் புகை இல்லாததால் ஒன்றும் தெரிந்துவிடாது. கறுப்புக் கரியைப் பிடித்து வைத்துக்கொள்ள டிபிஎஃப் என்ற வடிகட்டி புகைக்குழாயில் இருக்கிறது. பழைய வண்டி தன் நோயை ஊரறியச் சொல்லிவிடும். புதியதன் நோய் உள்ளேயே சேர்ந்துகொண்டிருக்கும்.

இந்த டிபிஎஃப்தான் என்னைப் பல இரவு தூங்கவிடாமல் செய்தது. அதில் சேரும் கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்குப் புகை ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் சூடாக வேண்டும். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் இருபது, முப்பது நிமிடம் ஓடுகிற வண்டிக்கு அது தானாக நடந்துவிடும். என் பட்டறையோ நான்கு கிலோமீட்டர்! இன்ஜின் சூடேறுவதற்குள் இறங்கிவிடுவேன். எரிக்கத் தொடங்கி பாதியில் நிறுத்தி, மறுபடி தொடங்கி மறுபடி நிறுத்தினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அது மட்டுமில்லை. புகையைச் சூடாக்குவதற்காகப் பல இன்ஜின்கள் சிலிண்டருக்குள்ளேயே கூடுதல் டீசலைத் தெளிக்கின்றன. அதில் எரியாத பகுதி சுவர் வழியே வழிந்து ஆயிலோடு கலந்துவிடும். ஆயில் குறைவதுதான் வழக்கம் என்று நினைத்திருக்கிறோம். இங்கே அளவுக்கோலில் ஆயில் மட்டம் நாளுக்கு நாள் ஏறும். ஏறுவது டீசல். நீர்த்துப்போன ஆயிலில் டர்போவும் பேரிங்கும் எத்தனை நாள் தாங்கும்?

அதோடு காமன் ரெயில் இன்ஜெக்டர்கள். டீசலை 1,600, 2,000 பார் அழுத்தத்துக்கு ஏற்றி நுண்ணிய துளைகள் வழியாகத் தெளிக்கிற கருவிகள். வேலை பிரமாதமாகச் செய்கின்றன. அதே கொள்ளளவுள்ள பழைய இன்ஜினைவிடக் குறைந்த டீசலில் அதிக இழுவை தருகின்றன. ஆனால் டீசலில் தண்ணீரோ தூசியோ கலந்தால் முதலில் சாவது இவைதான். நான்கையும் மாற்ற வேண்டி வந்தால் வரும் செலவைக் கேட்டபோது, பெரியவரின் வண்டிக்கு முழு இன்ஜினையே பிரித்துச் சேர்த்துவிடலாம் என்று தோன்றியது.

அண்ணன் ஸ்கேனரை மாட்டினார். இங்கேதான் ஒன்று கற்றுக்கொண்டேன். திரையில் பிழை எதுவும் இல்லை. நான் மகிழ்ந்துபோனேன். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. இன்னொரு பக்கத்தைத் திறந்து காட்டினார். வண்டியின் கணினி தன் பாகங்களைத் தானே சோதித்து, எது முடிந்தது, எது முடியவில்லை என்று பட்டியல் வைத்திருக்கும். அதில் பெரும்பாலானவை 'முடியவில்லை' என்று இருந்தன. "தினமும் ஓடுகிற வண்டியில் இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும் தம்பி. பேட்டரியைக் கழற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் பிழைகளை யாரோ அழித்திருக்க வேண்டும்" என்றார்.

விற்பவரிடம் நேராகவே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, விற்கும்போது எரியக்கூடாதே என்று அழித்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டார். அவரும் நகருக்குள் சின்னச் சின்னத் தூரம்தான் ஓட்டியிருக்கிறார். ஒரு வாரம் ஓட்டுங்கள், பிறகு வருகிறோம் என்றோம். ஒரு வாரத்தில் விளக்கு மறுபடி எரிந்தது. டிபிஎஃப்பில் அடைப்பால் அழுத்த வேறுபாடு அதிகம், புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வில் கரி. இன்ஜெக்டர்களின் திருத்த அளவுகள் நல்லபடியாக இருந்தன. டர்போவில் ஆட்டம் இல்லை. இரண்டையும் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டால் ஓடும் என்பது அண்ணனின் கணிப்பு.

இந்த இடத்தில் நான் பழையதை எடுப்பது என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். ஒருவர் நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார், வெல்டிங்கைத் தானே காட்டுகிறார். இன்னொருவர் விளக்கை அணைத்து வைக்கிறார். மனது எந்தப் பக்கம் சாயும்? பணக் கணக்கும் அதே பக்கம்தான். இருபது வயது வண்டியின் விலை இனி விழுவதற்கு இடமில்லை. மூன்று வருடம் கழித்து விற்றாலும் ஏறக்குறைய போட்டது வரும். எட்டு வயது வண்டி இன்னும் இறங்கும். மிச்சமாகிற பணத்தில் ஒரு பகுதியைப் பழுதுக்கென்று ஒதுக்கி வைத்தாலும் கையில் நிறைய நிற்கும்.

வீட்டில் சொன்னேன். மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "பாப்பா எங்கே உட்காருவாள்?"

பின்னிருக்கையில் என்றேன். "மழையில் காலி வண்டியோடு திரும்பி வரும்போதும் அங்கேதானே உட்காருவாள்?" என்றார்.

அவர் எதை நினைத்துக் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். எங்களுக்குத் திருமணமான வருடம், நான் வேலை பார்த்த இடத்தின் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு, சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மழை தொடங்கியிருந்தது. தூசியும் ஆயிலும் நனைந்து சாலை வழுக்கும் நேரம். வலது வளைவு, பெரிய வேகம்கூட இல்லை. வளைவின் நடுவில் எதிரே ஒரு மாடு. பிரேக்கில் கால் வைத்தேன். அடுத்த கணம் பின்பக்கம் என்னை முந்திக்கொண்டு போனது. கண்ணாடி வழியே சாலைக்குப் பதிலாக வயல் தெரிந்தது, பிறகு நான் வந்த வழியே தெரிந்தது. வண்டி அரைச் சுற்றுச் சுற்றி எதிர்த்திசையைப் பார்த்து நின்றது. எதிரே வண்டி எதுவும் வரவில்லை. அதனால் இன்று இதை எழுதுகிறேன். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

பிக்கப்பின் அமைப்பே அப்படித்தான். இன்ஜினும் கேபினும் முன்னால். பின்னால் வெறும் தொட்டி. ஒரு டன் தாங்குவதற்காக அமைத்த விறைப்பான லீஃப் ஸ்பிரிங், பாரமில்லாதபோது சக்கரத்தைச் சாலையோடு அழுத்திப் பிடிப்பதில்லை. பிரேக் போட்டால் எடை இன்னும் முன்னால் சாயும். இலேசான பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு கிடையாது. இதற்காகப் பழைய பிக்கப்களில் பலவற்றில் பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு கம்பி இருக்கும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் அந்தக் கம்பி ஒரு வால்வைத் திருப்பிப் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் தரும். காலியாக உயர்ந்து நின்றால் குறைக்கும். எளிய, அழகான ஏற்பாடு. ஆனால் சேற்றிலேயே கிடப்பதால் வருடங்கள் போகப் போக இறுகிவிடும். பெரியவரின் வண்டியில் அண்ணன் அந்தக் கம்பியை அசைத்துப் பார்த்தார், அசையவில்லை. நோட்டுப் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதைக் கவனிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வால்வைச் சரி செய்துவிடலாம், அது பெரிய வேலையில்லை. ஆனால் சரி செய்த பிறகும், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அந்த வண்டியில் கிடையாது. எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல், அதாவது ஈஎஸ்சி, கிடையாது.

ஈஎஸ்சி பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முடிவு அதில்தான் நின்றது. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று ஒரு சென்சார் பார்க்கிறது. வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்று இன்னொரு சென்சார் பார்க்கிறது. இரண்டும் பொருந்தாவிட்டால், ஓட்டுபவர் உணர்வதற்கு முன்பே, தேவையான ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து வண்டியை நேராக்குகிறது. இன்ஜினின் இழுவையையும் குறைக்கிறது. ஒரு சக்கரத்தை மட்டும் தனியாகப் பிடிக்கிற பிரேக் மிதி எந்த ஓட்டுநரின் காலடியிலும் இல்லை; எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் அந்த வேலையை நம்மால் செய்ய முடியாது. 1995இல் விலை உயர்ந்த கார்களில் வந்த இந்த ஏற்பாட்டை அமெரிக்கா 2012ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து எல்லா இலகு வண்டிகளுக்கும், பிக்கப்களையும் சேர்த்து, கட்டாயமாக்கியது. ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதிய வண்டிகளுக்கும் கட்டாயம். எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. சில நாடுகளில் பிந்தைய வருட பிக்கப்களிலும் விலை குறைந்த ரகத்தில் இது இருக்காது. அதனால் வருடத்தைப் பார்த்து முடிவு கட்டாமல், சாவியைத் திருப்பும்போது சறுக்கும் வண்டிப் படம் போட்ட விளக்கு டேஷ்போர்டில் எரிந்து அணைகிறதா என்று பார்க்க வேண்டும்.

அது இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 2016இல் ஸ்வீடனின் மோட்டார் பத்திரிகை ஒன்று, சாலையில் திடீரென்று குறுக்கே வருவதைத் தவிர்க்கும் சோதனையில் அப்போதைய புதிய டொயோட்டா ஹைலக்ஸை ஓட்டியபோது ஒரு பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. ஈஎஸ்சி உள்ள வண்டிதான். உயரமான வண்டி உயரமான வண்டிதான். அதை மறந்து ஓட்டக்கூடாது. ஆனால் அன்று மழையில் எனக்கு நடந்தது, பின்பக்கம் வழுக்கிச் சுழல்வது, அதைத் தடுப்பதற்கென்றே செய்த கருவி இது.

மற்ற விஷயங்களையும் அந்தக் கண்ணோடு பார்த்தேன். பழையதில் ஓட்டுநருக்கு மட்டும் ஏர்பேக். பின்னிருக்கையின் நடுவில் இடுப்புப் பட்டை மட்டும். தலைக்குப் பின்னால் தாங்கல் இல்லை. குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இல்லை. புதியதில் பின்னால் மூன்று பேருக்கும் தோள் பட்டை, பக்கவாட்டுத் திரை ஏர்பேக், கொக்கிகள். பழைய ஏர்பேக்கைப் பற்றி இன்னொன்றும் உண்டு. டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், பல வருட வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளை வீசி ஆட்களைக் கொன்றது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்த நிறுவனம் 2017இல் திவாலானது. 2000களில் செய்த எந்த வண்டியை வாங்கினாலும் அதன் சேஸி எண்ணைத் தயாரிப்பாளரிடம் கொடுத்து, ஏர்பேக் மாற்ற வேண்டிய பட்டியலில் இருக்கிறதா, மாற்றியாயிற்றா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த வேலையை இலவசமாகவே செய்து தருவார்கள்.

இரண்டு வண்டிகளையும் கடைசியில் நான் இப்படித்தான் எடை போட்டேன். டிபிஎஃப் அடைத்துக்கொண்டால் வண்டி இழுக்காமல் ஓரமாக நிற்கும். இன்ஜெக்டர் போனால் என் ஒரு மாத உழைப்பு போகும். கோபம் வரும், பணம் போகும், அவ்வளவுதான். பழைய வண்டியின் குறை என்றாவது ஒரு நாள் மழையில், ஒரே ஒரு விநாடியில்தான் தெரியும். அந்த விநாடியில் பின்னிருக்கையில் என் மகள் இருக்கலாம். இரண்டு குறைகளையும் ஒரே தராசில் வைத்துப் பணத்தால் கழித்துப் பார்த்தது என் தவறு.

புதியதையே எடுத்தேன். டிபிஎஃப், ஈஜிஆர் வேலைக்கான தொகையைக் கழித்துக்கொண்டு கேட்டேன், விற்பவர் மறுக்காமல் ஒப்புக்கொண்டார். நானும் மரமும் மட்டும் போகிற வண்டியாக, நகருக்குள்ளேயே நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற வண்டியாக இருந்திருந்தால், மறுயோசனை இல்லாமல் பெரியவரிடம் போயிருப்பேன். சின்னத் தூரம் மட்டுமே ஓட்டுபவருக்கு டிபிஎஃப் உள்ள டீசல் ஒத்துவராது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்கிறேன். அவருக்குப் பெட்ரோல் பிக்கப் கிடைத்தால் அதுதான் நிம்மதி. எனக்கு அப்படி ஒன்று அகப்படவில்லை.

வாங்குவதற்கு முன் செய்த சில்லறைச் சோதனைகளையும் சொல்லிவிடுகிறேன். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் வயதான ரப்பர் மழையில் பிடிக்காது. புதிய வண்டியில் நான்கு டயரும் அப்படி வயதானவை. பேரத்தில் அதையும் சேர்த்தேன். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடியில் தைத்திருக்கும் துணி முத்திரையில் பெரும்பாலும் தேதி இருக்கும். வண்டியின் வயதுக்குப் பொருந்தாமல் ஒரு பெல்ட் மட்டும் புதிதாக இருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும். ஓடோமீட்டரைவிடப் பிரேக் மிதியின் ரப்பரை நம்புங்கள். ஒரு லட்சத்துச் சொச்சம் ஓடிய வண்டியில் அது வழவழவென்று தேய்ந்திருக்காது.

பெரியவருக்குப் போன் செய்வதுதான் சிரமமாக இருந்தது. வேறு வண்டி எடுத்துவிட்டேன் ஐயா, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். காரணத்தையும் சொன்னேன். அந்த பிரேக் வால்வு இறுகியிருப்பதையும், யார் வாங்கினாலும் அதைச் சரி செய்துவிட்டு ஓட்டச் சொல்லுங்கள் என்பதையும் சொன்னேன். "அது எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். பின் அச்சிலிருந்து சட்டத்துக்குப் போகிற மெல்லிய கம்பி என்றேன். "ஒரு நிமிடம் இருங்கள்" என்றார். மறுமுனையில் தாளைப் புரட்டும் ஓசை கேட்டது. நான் சொன்னதை மெல்லத் திரும்பச் சொல்லிக்கொண்டே எழுதிக்கொண்டார்.

இப்போது ஞாயிறுதோறும் காலையில் மூவரும் நெடுஞ்சாலையில் ஏறி அரை மணி நேரம் போய்த் திரும்புகிறோம்; வடிகட்டியில் கரி எரிவதற்காக. திரும்பி வந்து, இன்ஜின் ஆறிய பிறகு, அளவுக்கோலை உருவி ஆயில் மட்டம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறேன். கோலைத் துடைக்கும் துணியைப் பிடித்துக்கொள்வது மகளின் வேலை. பிறகு நீல அட்டை போட்ட நோட்டில் அவளே எழுதுகிறாள்: தேதி, கிலோமீட்டர், செய்த வேலை. வண்டி வந்த வாரம் எழுதிய முதல் இரண்டு வரிகள் மட்டும் என் கையெழுத்து. 1,20,640: ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், நான்கு டயர். 1,20,655: டிபிஎஃப், ஈஜிஆர் கழற்றிச் சுத்தம்.